திறந்தவரே மூட வேண்டும்

விளக்கை ஏற்றுவோர் பலர். வெளியே போகும்போது அதனை அணைத்துச் செல்வோர் சிலர். வாசிகசாலையிலே புத்தகத்தை எடுப்போர் பலர். வாசித்து முடித்ததும் எடுத்த இடத்தில் வைப்போர் சிலர். தொடங்கும் காரியத்தில் நமக்குள்ள ஊக்கம் முடித்து வைக்கும் காரியத்தில் இருப்பதில்லை. வீட்டிலே இக்குறையைப் பெரியவர் யாரேனும் பின்னால் வந்து திருத்திவிடுகின்றனர். கணனிக்குள்ளே அவ்வாறு திருத்துவதற்கு ஒருவரும் இல்லை. அங்கே ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்; திறந்த கதவு திறந்தபடியே கிடக்கும். அதனால் விளையும் சங்கடம், மாத முடிவிலே சம்பளப் பட்டியல் ஆயத்தமாக வேண்டிய நாளிலேதான் பெரும்பாலும் தலைகாட்டும்.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் இதுவே: ஓர் அலுவலக நிரலைக் கொண்டு இன்னொரு நிரலை இயக்கும்போது, கையிற் பிடித்த பொருள்களை எப்படி, எப்பொழுது, எந்த ஒழுங்கில் விடுவது? கேட்ட அளவில் இது நிரல் எழுதுவோருக்கு மாத்திரம் உரிய நுட்பம் போலத் தோன்றலாம். ஆனால் இதன் உள்ளே இருக்கும் நியாயம் மிக எளியது. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்போருக்கும், கணனி பயிலும் மாணவருக்கும், அவர்கள் என்ன செய்கின்றனர் என்று அறிய விரும்பும் பெற்றோருக்குங்கூட அது விளங்கும்.

கண்ணுக்குத் தெரியாத எக்செல்

ஒரு கந்தோரை எண்ணிக்கொள்வோம். ஊழியர் விபரம், வரவு, மேலதிக நேரம் யாவும் மைக்ரோசொப்ட் அக்செஸ் என்னும் தரவுத்தளத்தில் உள்ளன. மேலதிகாரிகளோ மாத அறிக்கையை எக்செல் விரிதாளிலே கேட்கின்றனர். மாதந்தோறும் ஒன்றைப் பார்த்து மற்றொன்றிற் பதிவது வீண் வேலை. பிழைக்கும் இடம் உண்டு. ஆகவே அங்குள்ள இளைஞர் ஒருவர், அக்செஸிலே அடங்கியுள்ள விஷுவல் பேசிக் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதுகின்றார். பொத்தானை அழுத்தியதும் அக்செஸ் எக்செலை எழுப்புகின்றது. புதிய பணிப்புத்தகத்தைத் திறக்கச் சொல்கின்றது. கட்டங்களில் எண்களை நிரப்புகின்றது. சேமித்து மூடச் சொல்கின்றது. இரண்டு மணித்தியால வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகின்றது.

முதன்முறை எல்லாம் ஒழுங்காக நடக்கின்றது. எண்ணொன்றைத் திருத்திவிட்டு மறுபடியும் பொத்தானை அழுத்தினால் 462 என்றோ 1004 என்றோ இலக்கமிட்ட ஒரு பிழைச் செய்தி எழுகின்றது. 462 என்பது, தொலைவிலுள்ள சேவைப் பொறி இல்லை அல்லது கிடைக்கவில்லை என்று கூறும் செய்தி. எக்செலோ அதே மேசையிலுள்ள அதே கணனியிலேதான் இருக்கின்றது! அக்செஸை மூடித் திறந்தால் முதன்முறை சரி. இரண்டாம் முறை மீண்டும் பிழை. டாஸ்க் மனேஜர் என்னும் பட்டியலைத் திறந்து பார்த்தால், திரையிலே எக்செலின் சாளரம் ஒன்றேனும் இல்லாதிருக்க, பின்னணியில் எக்செல் ஓடிக்கொண்டிருப்பதாக அங்கே காட்டுகின்றது. “வெளியேறு என்று பொருள்படும் ‘குவிட்’ கட்டளையைக் கொடுத்தேனே! ஏன் போகவில்லை?” என்று அந்த இளைஞர் கேட்கின்றார்.

இக்கேள்வி நியாயமானதே. ஒரு மனிதர் தாமே எக்செலைத் திறந்தால் அது சாளரத்தோடு தோன்றும். நிரலொன்று ‘கிரியேட் ஒப்ஜெக்ட்’ என்ற கட்டளையால் அதனை எழுப்பினால், அது சாளரம் இல்லாமலே தோன்றும். காட்டும்படி சொன்னாலன்றித் தன்னைக் காட்டாது. இதில் நன்மை உண்டு: திரை படபடக்காது, வேலை விரைவாக நடக்கும். தீமையும் உண்டு: அது போய்விட்டதா, இருக்கின்றதா என்பதைக் கண்ணாற் கண்டறிய முடியாது. அழுத்தும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஓர் எக்செல் எழுந்து, முன்னையது போகாமலும் இருந்தால், மாலையாகுமுன் அந்தக் கணனியின் நினைவகத்தில் ஐந்தாறு எக்செல்கள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும். கணனி மந்தமாகிவிட்டதென்று கந்தோரார் புதிய கணனிக்கு விண்ணப்பம் எழுதுவர்.

காவலாளியும் வில்லைகளும்

எக்செல் ஏன் போக மறுக்கின்றது என்பதை அறிய, அது எப்படிக் கணக்கு வைத்திருக்கின்றது என்பதை அறிய வேண்டும்.

ஒரு பெரிய மண்டபம். வாசலிலே ஒரு காவலாளி. உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு வில்லை கொடுக்கின்றார். வெளியே வரும்போது அதனைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றார். உள்ளே யார் இருக்கின்றனர், என்ன செய்கின்றனர் என்பதை அவர் எட்டிப் பார்ப்பதில்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றே: வெளியே போன வில்லைகள் எத்தனை? அந்த எண் பூச்சியமானதும் விளக்கை அணைத்து மண்டபத்தைப் பூட்டிவிடுவார். ஒரு வில்லை திரும்பாவிட்டாலும் விடியும்வரை விளக்கு எரியும்.

கணனியிலே இவ்வில்லைக்குச் ‘சுட்டு’ என்று பெயர். ஒரு பொருளைச் சுட்டிப் பிடித்திருக்கும் கை என்று கொள்ளலாம். நிரலிலே “இந்த எக்செலை இனி ‘எக்ஸ்’ என்று அழைப்பேன்” என்று ஒரு மாறிக்குப் பெயரிட்டதும் ஒரு வில்லை வெளியே போகின்றது. “இந்தப் பணிப்புத்தகம் ‘புத்தகம்’, இந்தப் பணித்தாள் ‘தாள்’” என்று பெயரிட மேலும் இரண்டு போகின்றன. மாறியை ‘நத்திங்’, அதாவது ‘ஒன்றுமில்லை’, என்று ஆக்கினால் அதற்குரிய வில்லை திரும்புகின்றது.

இம்முறை புதியதன்று. 1960ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் கொலின்ஸ் என்னும் அமெரிக்கர் இதனை எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில், லிஸ்ப் என்னும் கணனி மொழியை அமைத்த ஜோன் மக்கார்த்தி வேறொரு வழியை வெளியிட்டிருந்தார். மக்கார்த்தியின் வழியிலே எவரும் வில்லை எண்ணுவதில்லை. இடம் போதாமற் போகும்போது ஒரு துப்புரவாளர் மண்டபம் முழுவதையும் சுற்றி வந்து, எவராலும் வேண்டப்படாதவற்றை அள்ளிக் கொட்டுவார். கொலின்ஸின் வழியில் வேலை சிறிது சிறிதாகவும் உடனுக்குடனும் நடக்கும். மக்கார்த்தியின் வழியில் எப்போதாவது ஒருமுறை மொத்தமாக நடக்கும். இவ்விரண்டு வழிகளும் இன்றுவரை கணனி உலகில் அருகருகே வாழ்கின்றன.

கொலின்ஸின் முறையில் ஒரு குறை இருப்பதை 1963இலே ஹரோல்ட் மக்பெத் என்பவர் எடுத்துக்காட்டினார். மண்டபத்துக்குள்ளே இருவர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, “நீர் முதலிற் போம், நான் பின்னே வருகின்றேன்” என்று உபசாரம் பேசிக்கொண்டு நின்றால், இருவரும் போவதில்லை. வெளியிலுள்ள எவருக்கும் அவர்கள் வேண்டாதவர்களாகிவிட்ட போதிலும் அவர்களது வில்லைகள் திரும்புவதில்லை. காவலாளி எண்ணிக்கையை மாத்திரம் அறிவாரேயன்றி நியாயத்தை அறியார்.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ‘கொம்’ என்னும் அமைப்பு கொலின்ஸின் வழியைச் சேர்ந்தது. அக்செஸும் எக்செலும் வேர்டும் ஒன்றோடொன்று பேசுவது இவ்வமைப்பினாலேயே. இதிலுள்ள ஒவ்வொரு பொருளும் மூன்று அடிப்படைச் செயல்களை அறிந்திருக்க வேண்டும் என்பது விதி. “உனக்கு இன்ன வேலை தெரியுமா?” என்ற கேள்விக்கு விடை சொல்வது ஒன்று; எண்ணிக்கையை ஒன்று கூட்டுவது இரண்டாவது; ஒன்று குறைப்பது மூன்றாவது. மூன்றில் இரண்டு, எண்ணிக்கைக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். பிடிப்பதற்கும் விடுவதற்கும் கணக்கு இல்லாமல் இரண்டு நிரல்கள் ஒன்றாக வேலை செய்ய முடியாது.

பக்கவாசலிற் புகுந்தவர்

இனி அந்த இளைஞரின் நிரலுக்கு வருவோம். அவர் மூன்று மாறிகளைப் பிடித்தார், மூன்றையும் விட்டார், ‘குவிட்’ என்றும் சொன்னார். ஆயினும் எண்ணிக்கை பூச்சியமாகவில்லை. ஏன்? அவர் அறியாமல் நான்காவது வில்லை ஒன்று வெளியே போயிருந்தது.

அவர் எழுதிய வரிகளில் ஒன்று, ஒரு தாளின் முதற் கட்டத்திலிருந்து பத்தாவது வரிசையின் மூன்றாவது கட்டம் வரையுள்ள பகுதியைக் குறித்தது. தமிழ் எழுத்திலே தந்தால் அது இவ்வாறு இருக்கும்:

தாள்.ரேஞ்ச்(செல்ஸ்(1,1), செல்ஸ்(10,3))

வெளியே நிற்கும் ‘ரேஞ்ச்’ என்பதற்கு ‘தாள்’ என்ற உரிமையாளர் உண்டு. உள்ளே இருக்கும் ‘செல்ஸ்’ இரண்டுக்கும் உரிமையாளர் இல்லை. எந்தத் தாளின் கட்டங்கள்? எந்த எக்செலின் தாள்? நிரல் சொல்லவில்லை. எக்செலுக்குள்ளேயே எழுதப்பட்ட நிரலாயின், “இப்பொழுது முன்னே விரிந்திருக்கும் தாள்” என்று அது பொருள் செய்துகொள்ளும்; தீங்கில்லை. அக்செஸிலிருந்து எழுதும்போதோ, விஷுவல் பேசிக் நமக்கு உதவி செய்வதாக எண்ணி, எக்செலின் பொதுப் பொருளொன்றைத் தானாகவே தேடிப் பிடித்துக்கொள்கின்றது. அதற்கு ஒரு வில்லை வாங்குகின்றது. அந்த வில்லைக்குப் பெயர் இல்லை. ஆகவே ‘நத்திங்’ என்று ஆக்கி அதனைத் திருப்பிக் கொடுக்கவும் நமக்கு வழியில்லை. அக்செஸை மூடும்வரை அது அதன் சட்டைப் பையிலேயே கிடக்கின்றது.

அடுத்த முறை பொத்தானை அழுத்தும்போது புதிய எக்செல் ஒன்று எழுகின்றது. ஆனால் உரிமையாளர் இல்லாத அந்தச் ‘செல்ஸ்’, பழைய வில்லையைக் காட்டிக்கொண்டு பழைய எக்செலிடமே போகின்றது. அதுவோ ‘குவிட்’ கேட்டுச் சாளரங்களையும் புத்தகங்களையும் மூடிவிட்டு, வில்லை திரும்பாத காரணத்தால் மாத்திரம் உயிர் தாங்கி நிற்கும் வெற்று மண்டபம். அங்கே கட்டமும் இல்லை, தாளும் இல்லை. ஆகவே பிழை. முதன்முறை சரி, இரண்டாம் முறை பிழை என்ற புதிருக்கு விடை இதுவே. சில வேளைகளில், பயனர் தம் சொந்த வேலைக்காகத் திறந்து வைத்திருக்கும் வேறோர் எக்செலையே அது சென்று பற்றிக்கொள்வதும் உண்டு. அப்பொழுது விளையும் குழப்பம் பெரிது.

பரிகாரம் சுலபம். எல்லாவற்றுக்கும் உரிமையாளரைச் சொல்லிவிட வேண்டும்:

தாள்.ரேஞ்ச்(தாள்.செல்ஸ்(1,1), தாள்.செல்ஸ்(10,3))

செல்ஸ், ரேஞ்ச், ரோஸ், கொலம்ஸ், அக்டிவ் ஷீட், செலெக்‌ஷன் ஆகிய சொற்கள் தனித்து, முன்னே ஒரு பெயரும் புள்ளியும் இன்றி நிற்குமானால், அங்கே ஐயம் கொள்ளுங்கள்.

நூற்றுக்கணக்கான வரிகளில் இவற்றைக் கண்ணாலே தேடுவது சிரமம். அதற்கொரு யுக்தி சொல்வேன். அக்செஸின் நிரற் பகுதியில் ‘ரெபரன்சஸ்’ என்னும் பட்டியலைத் திறந்து, எக்செலின் பொருள் நூலகத்துக்கு எதிரேயுள்ள அடையாளத்தை நீக்குங்கள். மாறிகள் யாவற்றையும் பொதுவாக ‘ஒப்ஜெக்ட்’ என்று அறிவியுங்கள். நிரலின் தலையிலே, அறிவிக்காத பெயர்களை ஏற்காதே என்னும் ‘ஒப்ஷன் எக்ஸ்பிளிசிற்’ என்ற வரி இருக்கட்டும். பின்பு ‘கொம்பைல்’ செய்யுங்கள். உரிமையாளர் இல்லாத ஒவ்வொரு சொல்லையும் “இஃது யாரென்று அறியேன்” என்று மொழியே நிறுத்திக் காட்டிவிடும். எக்செலுக்கே உரிய மாறிலிப் பெயர்களையும் அது அறியாதெனக் கூறும். அவற்றுக்கு உரிய எண்களை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். பக்கவாசலைப் பூட்டிவிட்டால், அதன் வழியே வந்தவர் யாரென்பது தானே தெரிந்துவிடும்.

விடைபெறும் ஒழுங்கு

ஒரு வீட்டுக்குள்ளே போகும்போது படலை, வாசற்கதவு, அறைக்கதவு என்ற ஒழுங்கிலே திறக்கின்றோம். திரும்பும்போது அறைக்கதவு, வாசற்கதவு, படலை என்று மூடி வருகின்றோம். நிரலிலும் அவ்வாறே. எக்செல், பணிப்புத்தகம், பணித்தாள் என்று பிடித்தோம். ஆகவே முதலில் தாளை விட வேண்டும். பிறகு புத்தகத்தைச் சேமித்து மூடி அதனை விட வேண்டும். பிறகு எக்செலுக்கு ‘குவிட்’ சொல்லி, கடைசியில் அதனையும் விட வேண்டும்.

புத்தகத்தைச் சேமியாமல் ‘குவிட்’ சொன்னால் என்ன நடக்கும்? “மாற்றங்களைச் சேமிக்கவா?” என்று எக்செல் கேட்கும். மனிதர் முன்னிருந்தால் விடை சொல்வார். இங்கோ சாளரமே இல்லை. இருட்டிலே நின்று ஒருவர் கேள்வி கேட்கின்றார், கேட்டவர் காணப்படவில்லை, பதில் சொல்வாரும் இல்லை. இரண்டு நிரல்களும் அப்படியே நின்றுவிடும். இதனைத் தவிர்ப்பதற்கென்று சிலர், எச்சரிக்கைகளைக் காட்டாதே என்னும் ‘டிஸ்பிளே அலேர்ட்ஸ்’ கட்டளையை நிறுத்தி வைக்கின்றனர். அப்பொழுது எக்செல் கேள்வி கேட்காது. கேளாமலே, சேமியாமலே வெளியேறிவிடும். ஆகவே வாயை மூடச் சொல்வதற்கு முன்னர், சேமிக்க வேண்டியதைச் சேமித்தோமா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

‘நத்திங்’ என்று எழுதுவது வெறுஞ் சடங்கு என்று சொல்வோரும் உளர். அவர்கள் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஒரு செயன்முறைக்குள்ளே அறிவித்த மாறிகளை, அச்செயன்முறை முடியும்போது விஷுவல் பேசிக் தானே விட்டுவிடுகின்றது. ஆனால் செயன்முறைகளுக்கு வெளியே பொதுவாக அறிவித்த மாறிகளையும், ‘ஸ்ரற்றிக்’ என்று அறிவித்த மாறிகளையும் அது விடுவதில்லை. ஒழுங்கு முக்கியமான இடத்திலும் அதனை நம்பியிருத்தல் தகாது. எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று அறிந்த பின்பு விடுவோர் விடட்டும். கற்கும் மாணவர் எழுதிப் பழகுவதே நன்று.

எக்செலிடம் உள்ள ஒரு குணம் வேர்டிடம் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிரலொன்றால் எழுப்பப்பட்டு, காட்டப்படாமலிருக்கும் எக்செல், கடைசி வில்லை திரும்பியதும் ‘குவிட்’ சொல்லாவிட்டாலும் தானே போய்விடும். வேர்ட் அப்படியன்று, வில்லைகள் யாவும் திரும்பிய பின்னும், வெளிப்படையாகப் போகச் சொன்னாலன்றிப் போகாது. ஒன்றின் குணத்தை அறிந்து மற்றொன்றுக்கும் அதுவே என்று எண்ணி ஏமாறுவோர் பலர்.

எல்லாவற்றிலும் மேலானது ஒன்று உண்டு. விடைபெறும் வரிகளை நிரலின் அடியிலே எழுதிவைத்தாற் போதாது. அவ்வரிகளுக்கு நிரல் வந்து சேர வேண்டும். இடையிலே ஒரு கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து இருந்து பிழை எழுந்தால், நிரல் அங்கேயே நின்றுவிடும். அடியிலுள்ள நல்ல வரிகள் ஒன்றும் நடவா. மறைந்திருக்கும் எக்செல், புத்தகத்தைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டிருக்கும். சற்று நேரங்கழித்துக் கணக்காளர் அப்புத்தகத்தைத் திறக்கப் போனால், “வேறொருவர் இதனைப் பயன்படுத்துகின்றார், வாசிக்க மாத்திரம் முடியும்” என்ற செய்தி வரும். அந்த ‘வேறொருவர்’ யாரென்று பார்த்தால், பல வேளைகளில் அங்கே கணக்காளரின் சொந்தப் பெயரே எழுதியிருக்கும்! சம்பள நாளிலே இச்செய்தியைக் கண்டு திகைத்து நின்ற கந்தோர்கள் எத்தனையோ.

ஆகவே நிரலுக்கு வெளியேறும் வாசல் ஒன்றே இருக்க வேண்டும். வேலை நன்றாக முடிந்தாலும் அவ்வழியே, பிழைத்தாலும் அவ்வழியே. ‘ஒன் எரர் கோ டூ’ என்ற கட்டளை, பிழை எழுந்ததும் நிரலை அவ்வாசலுக்குத் திருப்பிவிடும். அங்கே, புத்தகம் திறக்கப்பட்டதா என்று பார்த்து, திறந்திருந்தால் மூடி, எக்செல் எழுப்பப்பட்டதா என்று பார்த்து, எழுப்பியிருந்தால் அனுப்பி, அதன் பின்னரே பயனருக்குப் பிழையைச் சொல்ல வேண்டும்.

பிறர் திறந்ததை மூடாதீர்

இதுவரை, திறந்ததை மூடாமற் போகும் குற்றத்தைப் பேசினோம். இதற்கு மறுபுறமான குற்றம் இன்னும் கொடியது. அது, தான் திறவாததை மூடுவது.

‘கிரியேட் ஒப்ஜெக்ட்’ புதிய எக்செலை எழுப்பும் என்றோம். ‘கெற் ஒப்ஜெக்ட்’ என்று வேறொரு கட்டளை உண்டு. அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எக்செலைத் தேடிப் பிடிக்கும். அந்த எக்செலைத் திறந்தவர் யார்? அதே கணனியின் முன்னால் இருப்பவர். காலையிலிருந்து ஏதோ ஒரு மதிப்பீட்டை அவர் அதிலே எழுதிக்கொண்டிருக்கலாம். நமது நிரல் அதனைப் பிடித்து, தன் வேலையை முடித்து, எச்சரிக்கையையும் நிறுத்திவிட்டு, ‘குவிட்’ என்று சொல்லுமானால், அவருடைய அரைநாள் உழைப்பு ஒரு நொடியில் மறைந்துவிடும். எவரும் அவரிடம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. அவுட்லுக் என்னும் அஞ்சல் நிரலில் இவ்வபாயம் மேலும் அதிகம். அது ஒரு பயனருக்கு ஒன்றாகவே ஓடும் இயல்புடையது. புதிதாக எழுப்பும்படி கேட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் அதனையே எடுத்து நம் கையிலே தரும்.

இதற்கு ஒரு சிறு குறிப்பு போதும். நிரலின் தொடக்கத்திலே, ‘நான் எழுப்பினேனா’ என்ற பெயரில் ஆம் அல்லது இல்லை என்ற மாறி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தானே எழுப்பியிருந்தால் ‘ஆம்’. ஓடிக்கொண்டிருந்ததைப் பிடித்திருந்தால் ‘இல்லை’. வெளியேறும் வாசலிலே ‘ஆம்’ என்றால் மாத்திரம் ‘குவிட்’ சொல்லுங்கள். ‘இல்லை’ என்றால் உங்கள் புத்தகத்தை மாத்திரம் மூடி, வில்லையைத் திருப்பிக் கொடுத்து, சத்தமின்றி வந்துவிடுங்கள். அவ்வாறே, நீங்கள் எழுப்பிய எக்செலைப் பயனர் பார்க்கும்படி திரையிற் காட்டிக் கையளித்துவிட்டால், அதன்பின் அது அவருக்குரியது. அதனை மூடும் உரிமை உங்களுக்கு இல்லை.

டாஸ்க் மனேஜரிலே எக்செலின் பெயரைத் தெரிந்து, ‘முடித்துவிடு’ என்று பலவந்தமாகக் கொல்லும் வழக்கமும் இதே வகையைச் சேர்ந்தது. அதிலும் சிலர், கணனியிலுள்ள எக்செல் அனைத்தையும் கொல்லும்படி நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கின்றனர். அப்பட்டியலிலே பெயர் ஒன்றுபோலவே இருக்கும். எது மறைந்து நின்றது, எது மனிதர் வேலை செய்துகொண்டிருப்பது என்று அந்த நிரல் பார்ப்பதில்லை. வேறு வழியே இல்லாதபோது, திறந்திருக்கும் வேலைகள் யாவற்றையும் சேமித்த பின்னர், மனிதர் கைப்பட ஒருமுறை செய்யலாம். அதனை நிரலின் நாளாந்தப் பழக்கமாக்குவது, திறப்பைத் தேடச் சோம்பிக் கதவை உடைப்பதற்கு ஒப்பாகும்.

பிற மொழிகளிலே

2002இல் வெளிவந்த ‘டொட் நெற்’ சூழலில் நிரல் எழுதுவோர்க்கு வேறொரு சிக்கல் உண்டு. அச்சூழல் மக்கார்த்தியின் வழியிலே, துப்புரவாளர் வரும்வரை காத்திருப்பது. எக்செலோ கொலின்ஸின் வழியிலே வில்லைகளை எண்ணுவது. இரண்டுக்கும் இடையே ஓர் உறை நின்று, எக்செலின் வில்லையைத் தான் வாங்கி வைத்துக்கொள்கின்றது. துப்புரவாளர் எப்பொழுது வருவார் என்று சொல்ல முடியாது. அவர் வரும்வரை வில்லை திரும்பாது. ஒரே வரியில் எக்செல், புத்தகத் தொகுதி, திறத்தல் என்று இரண்டு புள்ளிகளாற் கோத்து எழுதினால், இடையிலுள்ள புத்தகத் தொகுதிக்கும் பெயரில்லாத ஓர் உறை உண்டாகிவிடும்.

இதற்கு இரண்டு வழிகளைக் கையாள்கின்றனர். ஒவ்வொரு பொருளுக்கும் பெயரிட்டு, வேலை முடிந்ததும் ஒவ்வொன்றையும் கையாலே விடுவிப்பது ஒன்று. மாறிகள் யாவும் காலாவதியான பின்பு துப்புரவாளரை உடனே வரும்படி அழைப்பது மற்றொன்று. முன்னையதிலே கவனம் வேண்டும்: நிரலின் இன்னொரு பகுதி பிடித்திருக்கும் பொருளை நாம் அவசரப்பட்டு விடுவித்துவிட்டால், அப்பகுதி அதனைத் தொட்டதும் பிழை எழும். இங்கும் நியாயம் அதுவே. பிறர் கையில் இருப்பதைத் தட்டிப் பறித்தல் ஆகாது.

மனிதர் எவரும் முன்னிலையில் இல்லாத சேவைக் கணனிகளில், இரவெல்லாம் எக்செலையும் வேர்டையும் இவ்வாறு இயக்குவதை மைக்ரோசொப்ட் நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. இந்நிரல்கள், மேசை முன்னே ஒரு மனிதர் இருந்து கேள்விக்கு விடை சொல்வார் என்ற எண்ணத்தில் அமைந்தவை. அவ்வகை வேலைக்கு, எக்செலை எழுப்பாமலே அதன் கோப்பை எழுதும் வேறு வழிகளை நாடுவது புத்தி.

மாணவர் செய்து பார்க்க

படித்ததைக் கையாற் செய்து பார்த்தாலன்றி மனத்திற் பதியாது. அக்செஸும் எக்செலும் உள்ள ஒரு கணனியிலே, திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்து மூடிவிட்டு, இதனைச் செய்து பாருங்கள். எக்செலின் பொருள் நூலகத்துக்கு அடையாளமிட்டு, அக்செஸிலே ஒரு சிறு நிரல் எழுதுங்கள். எக்செலை எழுப்பி, புதிய புத்தகம் ஒன்றைச் சேர்த்து, உரிமையாளர் சொல்லாத ‘செல்ஸ்’ ஒன்றினால் ஓர் எண்ணை இடுங்கள். புத்தகத்தைச் சேமியாமலே மூடும்படி சொல்லி, ‘குவிட்’ கொடுத்து, மாறிகளையும் விட்டுவிடுங்கள். டாஸ்க் மனேஜரைத் திறந்து எக்செல் இருக்கின்றதா என்று பாருங்கள். மறுபடியும் ஓட்டி, என்ன பிழை வருகின்றதென்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ‘செல்ஸ்’ என்பதன் முன்னே தாளின் பெயரை மாத்திரம் சேர்த்து, அக்செஸை மூடித் திறந்து, மீண்டும் இருமுறை ஓட்டுங்கள். ஒரு பெயரும் ஒரு புள்ளியும் செய்யும் வித்தியாசத்தை அப்பொழுது காண்பீர்கள்.

கடைசியாக நிரலின் நடுவிலே, பூச்சியத்தால் வகுத்து வேண்டுமென்றே ஒரு பிழையை உண்டாக்குங்கள். வெளியேறும் வாசலை நீங்கள் சரியாக அமைத்திருந்தால், பிழைச் செய்தி வந்த பின்னரும் டாஸ்க் மனேஜரிலே எக்செல் இராது. நல்ல நேரத்தில் ஒழுங்காக நடக்கும் நிரலை எவரும் எழுதலாம். பிழை வந்த நேரத்திலும் திறந்த கதவை மூடிவிட்டு வெளியேறும் நிரலை எழுதியவரிடமே, மாத முடிவுச் சம்பளப் பட்டியலை நம்பி ஒப்படைக்கலாம்.